முந்தின நாளே எழுதிய புகார்

போன வாரம் ஒரு பார்சல் அனுப்ப முத்தியால்பேட்டையில் ஒரு கூரியர் கடைக்குப் போயிருந்தேன். "சிஸ்டம் படுத்துக்கிச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தார். மேல்தாளுக்கும் கீழ்த்தாளுக்கும் நடுவே கார்பன் தாள். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் கட்டைவிரல் முழுக்க நீலம். முகர்ந்து பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், நீங்களாக இருந்தாலும் முகர்ந்திருப்பீர்கள்.

மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. முதலில் அப்பாவின் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கே கையெழுத்து கேட்டாலும் மைப்பெட்டியைத்தான் தேடுவார். அம்மாவும் அப்படித்தான். ஆனால் அம்மா வெளியே வந்ததும் விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொள்வாள். பதினொரு வயதில் நான் முதல்முதலாக எங்கள் வீட்டுக்காக ஒரு மனு எழுதினேன். தெருமுனை விளக்கு எரியவில்லை என்று. "ஐயா, வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்..." என்று பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே. பத்து நாளில் விளக்கு எரிந்தது. பல்ப் வர வேண்டிய நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் எழுத்தால்தான் வெளிச்சம் வந்தது என்று நம்பினேன். அதற்குப் பிறகு குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை மூடி, பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த சேவல் என்று தெருவில் எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கேட்டால் கிடைக்காதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு ஏறிப்போயிருந்தது. கொஞ்சம் அதிகமாகவே.

அந்த நினைப்போடுதான் கூடைப்பந்து மைதானத்துக்கும் போனேன்.

கார்பன் வாசனையின் இரண்டாவது இடம் அது. ஆட்டம் நடக்கும்போது மேஜையில் ஒருவர் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதுவார். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். எங்களுக்கு ஒன்று, எதிரணிக்கு ஒன்று, போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஆட்டத்தின் முடிவில் ஆட்சேபம் இருந்தால் கேப்டன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மனு எழுதியே வளர்ந்த எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கண். அதில் யாரும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. நான் போட்டால் எப்படி இருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஆமாம், நான்தான் கேப்டன். நன்றாக ஆடியதால் இல்லை. எங்கள் அணியில் நன்றாக ஆடியவள் பவானி. அவள் குதித்தால் கீழே இறங்குவதற்குள் நீங்கள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். எனக்கு அப்படி எதுவும் வராது. ஆனால் கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு: ஆடுகிறவர்களில் கேப்டன் மட்டும்தான் நடுவரோடு பேசலாம். எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பிலோ அக்கா அதை வைத்தே முடிவு செய்துவிட்டார். "நல்லா ஆடறவ ஆடட்டும். நல்லா பேசறவ கேப்டனா இருக்கட்டும்" என்றார். பிலோ அக்கா ஒரு பிஸ்கெட் கம்பெனியில் காலை ஷிப்ட். சாயங்காலம் ஸ்கூட்டியில் நேராக மைதானத்துக்கு வருவார். அவர் நமக்குப் பின்னால் வந்து நின்றால் திரும்பிப் பார்க்காமலே தெரியும். வெனிலா வாசனை.

அந்த வருடம் நாங்கள் பிளஸ் டூ. நகரத்துப் பெண்கள் போட்டியில் இறுதிச்சுற்று வரைக்கும் வந்துவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. கோப்பையை விடுங்கள், அது பித்தளைகூட இல்லை. ஜெயித்த அணிக்குக் கொடுக்கிற சர்ட்டிபிகேட்டுக்குத்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு. எனக்கு அது தேவைப்படவில்லை, எனக்கு மார்க்கே இருந்தது. (இதை எழுதும்போதும் கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.) பவானிக்குத் தேவைப்பட்டது. அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவில் சாய்ந்துகொண்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சர்ட்டிபிகேட் வந்தா காலேஜ். வரலன்னா பிலோ கூடவே பிஸ்கெட் கம்பெனிக்குப் போவட்டும்." பிலோ அக்கா அதற்கு, "ஏண்ணே, நான் இன்னா கெட்டா பூட்டேன்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பவானி சிரிக்கவில்லை.

எதிரணி கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல ஷூ, ஒரே மாதிரி தலைப்பட்டை. அவர்கள் கேப்டன் மிரேய். தூரத்திலிருந்து பந்தை எறிந்துவிட்டு, அது விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடக்கிற ரகம். எனக்கு அந்த நடைதான் பிடிக்காது.

நடுவர் ஒரு முசே. முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்தி மடிப்பு வைத்த வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கழுத்தில் வெள்ளி விசில். கேப்டனை "கப்பித்தேன்" என்றுதான் கூப்பிடுவார். இரண்டாவது நடுவர் ஒருவரும் உண்டு. அவர் விசில் ஊதி நாங்கள் கேட்டதில்லை.

முதல் ஆட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றோம். மூன்றாவது கால் பகுதியிலேயே பவானிக்கு ஐந்தாவது ஃபவுல். ஐந்து வந்தால் வெளியே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள், தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டே. நான் அன்றைக்கே வக்கீல் மாதிரி ஆதாரம் திரட்ட ஆரம்பித்துவிட்டேன். முசே வீடும் மிரேய் வீடும் ஒரே தெரு. ஆட்டத்துக்கு முன்னால் முசே அவளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். ஆட்டம் முடிந்ததும் மிரேயின் அப்பா முசேயின் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்.

"அவங்க சிரிச்சப்போ என்னியத்தான் பாத்தாங்க" என்றாள் பவானி.

"உன்னியத்தான்" என்றேன் நான். அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிலோ அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விசில் ஊதறவரு யாரு ஆளுன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல கைய அடக்குங்கடி" என்றார். மறுநாள் எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு குளியல் துண்டு கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, எதிராளியைக் கால்களால் மட்டும் மறிக்க வேண்டும். கை நீளாது, அடிக்காது, ஃபவுல் வராது. மைதானத்துக்கு எதிரே இருந்த தையல்கடைக்காரருக்கு அந்த வாரம் முழுக்க வேடிக்கைதான். பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓடுகிற ஒன்பது பெண்களைப் பார்த்து, "இன்னாம்மா, பாத்ரூமு எங்க இருக்குன்னு மறந்து பூட்டீங்களா?" என்று கேட்டார். பவானி ஓடிக்கொண்டே, "ஆமாண்ணே, உங்க கடையிலதான் வெச்சிட்டு வந்தோம்" என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் பவானிக்கு மூன்றே ஃபவுல். எட்டுப் புள்ளியில் ஜெயித்தோம். அதே முசே, அதே விசில். புத்தியுள்ள யாரும் என்ன முடிவுக்கு வருவார்கள்? கோளாறு நம் கையில்தான் இருந்திருக்கிறது என்று. நாங்கள் அந்த முடிவுக்கு வரவில்லை. "மூணாவது ஆட்டத்துக்காக அடக்கி வாசிக்கிறாரு. அதுலதான் வெப்பாரு ஆப்பு" என்றாள் பவானி. எனக்கு முன்பே தெரியும் என்பது போலத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து புகார்மனு எழுதிவிட்டேன். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் கையெழுத்து கோணிவிட்டால்? நல்ல தாளில், மார்ஜின் விட்டு எழுதினேன். "ஐயா, வணக்கம். இன்று நடைபெற்ற மூன்றாவது ஆட்டத்தின் ______ ஆவது நிமிடத்தில் நடுவர் அவர்கள் எங்கள் அணிக்கு எதிராகப் பாரபட்சமாக ______ என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்." நிமிடத்துக்கு ஓர் இடம், அநியாயத்துக்கு ஓர் இடம். அணியைக் கூட்டிவைத்துப் படித்துக் காட்டினேன்.

"எம்மா, கேக்கும்போதே அழுவ வருது" என்றாள் ஒருத்தி.

"அவரு அநியாயம் பண்ணலன்னா இன்னா பண்ணுவ?" என்றாள் பவானி.

"பண்ணுவாரு" என்றேன்.

மூன்றாவது ஆட்டம். சுவர் மேலெல்லாம் ஆட்கள். தையல்கடையைச் சாத்திவிட்டு அவரும் வந்திருந்தார். பவானியின் அப்பா வேலிக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தி அதன் மேல் சாய்ந்து நின்றார். முந்தின மழையில் பஸ்ஸர் கெட்டுப்போனதால் மேஜையின் மேல் ஒரு பள்ளிக்கூட மணி, பக்கத்தில் ஒரு மரச் சுத்தி. கடைசி மணி அடிப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால்தான் கூடை செல்லும். பிலோ அக்காவின் திட்டம் இதுதான்: நாலு பேர் கூடைக்குக் கீழே நாலு மூலையில் நிற்க வேண்டும். மிச்சம் இருக்கிற ஒருத்தி மிரேயை விட்டு நகரவே கூடாது. பந்து எங்கே போனாலும் சரி, அவள் கூடவே. "ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கணும்" என்றார். ஒட்டுப்புல் நான். நன்றாக ஆடத் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பந்தையே பார்க்க வேண்டாம்.

பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மிரேய் கேட்டாள்: "நீ இன்னா, எங்க வீடு வரைக்கும் வருவியா?"

"வரேன். காபி போட்டு வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு வந்த பந்தை பவானி தட்டிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் கத்தியது. மிரேய் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் இன்னும் நெருங்கி நின்றேன். அவர்கள் நாலு அடித்தால் நாங்கள் நாலு. சொல்லப்போனால் அந்தப் பாதியில் முசே எங்கள் மேல் ஊதியது ஐந்தே தடவை. ஐந்தும் சரி. மனுவில் நிரப்ப எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பாதி முடியப் போகிற நேரம், கோட்டைத் தாண்டப் போன ஒரு பந்துக்காகத் தரையில் பாய்ந்தேன். முட்டி தேய்ந்தது, பந்து கிடைத்தது. மணி அடித்தது. எழுந்து பார்த்தால், இடுப்பு எலாஸ்டிக்கில் நாலாக மடித்துச் செருகியிருந்த தாள் சிமெண்ட் தரையில் கிடந்தது. நான் குனிவதற்குள் முசே எடுத்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அவசரமே இல்லாமல் படித்தார். நான் இரண்டு அடி தூரத்தில் நின்றேன். அதே மடிப்பில் மடித்து என்னிடம் நீட்டினார்.

"நிமிஷம் எழுதலியே, கப்பித்தேன்?"

"எழுதணும், முசே" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

வெட்கத்தில் செத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், எழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னாரே, அதற்கு உள்ளே ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது பாதியில் விசில் மாறியது. என் கால் என் காலிலேயே தடுக்கி விழுந்தேன். முசே மிரேயைக் கை காட்டினார். இன்னொரு தடவை பந்துக்காக நான்தான் அவளைத் தோளால் தள்ளினேன். அதுவும் அவள் கணக்கில் போயிற்று. மிரேய் அவரைப் பார்த்து பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். அவர் திரும்பிக்கொண்டார். "பாத்தியா, இன்னிக்குத்தான் மனுசனுக்குக் கண்ணு தெரியுது" என்றார் பிலோ அக்கா. எனக்கு மட்டும் வேறு ஏதோ தெரிந்தது. ஆனால் அதை நினைக்க எங்கே நேரம்? நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டு. ஐம்பது நாற்பத்தெட்டு. அவர்கள் ஐம்பத்திரண்டு, நாங்கள் ஐம்பத்தொன்று. மீதி ஆறு வினாடி. பந்து எங்களுடையது.

பிலோ அக்கா டைம்-அவுட் கேட்டார். தரையில் குந்தி ஒரு செங்கல் துண்டால் கோடு போட்டார். "எல்லாரும் பவானியத்தான் பாப்பாங்க. பவானி, நீ அந்த மூலையில போயி குந்தி ஷூ லேஸக் கட்டு. மெதுவா கட்டு. ஆட்டமே உனக்கு வேணாங்கற மாதிரி கட்டு. இவ பந்தக் கையில எடுத்து மூணு எண்ணுவா. மூணுன்னதும் எழுந்து ஓடு."

மேஜைக்குப் பக்கத்துக் கோட்டில் நின்று பந்தை உள்ளே போட வேண்டியது நான். மணி என் காதிலிருந்து ஒரு முழம். ஒன்று. பவானி குனிந்து லேஸை இழுத்தாள், அவளைக் காவல் காத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு. மூன்று. வெறும் மூலையைப் பார்த்துப் பந்தை எறிந்தேன். அங்கே பவானி இருந்தாள். இரண்டு தட்டு, ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், கால் மேலே எழும்பியது.

என் காதில் மணி அடித்தது.

பந்து அவள் நெஞ்சுக்கு நேரே, இரண்டு கைக்குள் இருந்தது. பிறகுதான் அது புறப்பட்டது. பலகையில் பட்டு, வளையத்தில் இரண்டு தடவை ஆடி, உள்ளே விழுந்தது. முசே கையை உயர்த்தி இரண்டு விரலைக் கீழே இறக்கினார். கூடை செல்லும். ஐம்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு.

மைதானமே இடிந்து விழுந்த மாதிரி சத்தம். நானும் கத்தினேன், குதித்தேன், யாரோ என்னைத் தூக்கினார்கள். அதற்கு நடுவில் மிரேய் நேராக மேஜைக்கு நடந்து வருவது தெரிந்தது. அழவில்லை. "முசே, மணி அடிச்சப்போ பந்து கையில இருந்துச்சு" என்றாள். பேனாவை வாங்கி அந்தச் சின்னக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று தாளிலும் பதியும்படி அழுத்திப் போட்டாள்.

போட்டி நடத்துகிறவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது நடுவரைக் கேட்டார்கள், அவர் கூடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாராம். மணி அடித்தவரைக் கேட்டார்கள், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முசே நெற்றியில் கையை வைத்து மேற்கே சூரியனைப் பார்த்தார். "எனக்குக் கை காலியா இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது. வெயிலு நேரா கண்ணுல. சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கப்பித்தேன். மணி உன் காதுகிட்ட அடிச்சுது. நீ நேருக்கு நேரா பாத்துக்கிட்டு இருந்த. பந்து எங்க இருந்துச்சு?"

என்னைக் கேட்பதற்கு எதிரணியில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. மிரேய்கூட, சரி இவள் சொல்லட்டும் என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வெனிலா வாசனை. வேலிக்கு வெளியே ஆட்டோவிலிருந்து பவானியின் அப்பா நிமிர்ந்து நின்றார். பவானி லேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது நன்றாகவே கட்டியிருந்தது.

"நான் பாக்கல, முசே. பந்தப் போட்டதும் கீழ வுழுந்துட்டேன்."

முதல் பாதியில் தேய்ந்த முட்டி இன்னும் ரத்தமாக இருந்தது. அதுவே எனக்குச் சாட்சி ஆயிற்று. முசே முட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "கப்பித்தேன் பாக்கலன்னா பாக்கல" என்று சொல்லி ஸ்கோர்ஷீட்டில் தன் கையெழுத்தைப் போட்டார்.

மிரேய் கை கொடுக்க வந்தாள். கையைக் குலுக்கிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நீ பாத்த" என்றாள்.

அன்று சாயங்காலம் பவானியின் அப்பா எங்கள் ஒன்பது பேரையும் ஒரே ஆட்டோவில் திணித்துக் கடற்கரை வரை ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்தது குறைவு. பவானிக்கு சீட் கிடைத்தது. இன்றைக்குக் காலாப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பார்க்கும்போதெல்லாம், "பந்து கைய வுட்டுப் போனப்புறந்தான்டி மணி" என்பாள். நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்தவில்லை. அவள் கூப்பிட்டால் நூறு பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உறுத்துவது வேறு. அந்தக் கூடையை முசே ஏன் கொடுத்தார்? வெயிலா, இல்லை அதற்கு அரை மணி நேரம் முன்னால் அவர் படித்த தாளா? பாரபட்சம் என்று எழுதிக்கொண்டு போனவள் நான். ஒருவேளை அதுவரை நேராக இருந்த ஒரு விசிலை வளைத்தவளும் நான்தானோ? கேட்டிருக்கலாம். அடுத்த வருடம் வேறு நடுவர் வந்தார். முசே பிரான்ஸில் மகனிடம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். கண் சரியில்லை என்று அவரே விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டில் எது என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பவானியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். கடைசி வினாடியில் இதே மாதிரி ஒரு பந்து. நான் எழுந்து நின்றுவிட்டேன். கூடைக்குப் பின்னால் ஒரு கேமரா. நடுவர்கள் மேஜைக்குப் போய்த் திரையில் பார்த்தார்கள், நிறுத்திப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். கூடை செல்லாது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ரொம்பச் சரியான முடிவு, யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு குட்டிக் கேப்டன் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில், ஏதாவது கேட்பார்கள் என்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்பல்லாம் தொந்தரவே இல்லடி" என்றாள் பவானி. உண்மைதான். தோற்கிற அணியின் கேப்டன் எதிரே நிற்க, ஜெயிக்கிற அணியின் கேப்டனைக் கூப்பிட்டு, நீ சொல், நீ சொன்னால் சரி என்று கேட்ட அந்த வழக்கம் ஒரு தலைமுறைகூட ஆகாமல் போய்விட்டது. அதை இன்று யாரிடமாவது சொன்னால் நம்பவே மாட்டார்கள். கையில்தான் இருந்தது, முசே. இன்றைக்குக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்பதற்கு யாரும் இல்லாததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.